லட்சுமி வந்துட்டா, அம்மா வந்துச்சு

ஒரே ஒரு எழுத்துக்காக 8,000 ஹேங்டேக் குப்பைக்குப் போனது. காரணம் நான்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்சண்டைசர் வேலை எனக்கு. 14 வருசமாகிறது. பையர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் மெயில் இங்கிலீஷில்தான் வரும், போகும். ஸ்பெயினிலிருந்து ஒரு பையர் வந்தபோதும் அப்படித்தான். துணியோடு தொங்கும் அட்டையில் மட்டும் ஸ்பானிஷ். 'கொலோர்: நேக்ரோ' என்று போடுவோம். கொலோர் என்றால் நிறம், நேக்ரோ என்றால் கறுப்பு. இரண்டு வருசம் அப்படியே அச்சடித்தோம், ஒரு புகாரும் இல்லை.

பிறகு அட்டையின் டிசைனை மாற்றினார்கள். 'நிறம்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, பொருளின் பெயரையும் நிறத்தையும் ஒரே வரியில் போடச் சொன்னார்கள். டீ ஷர்ட்டுக்கு காமிசேத்தா. கறுப்புக்கு நேக்ரோ, அதுதான் ஏற்கெனவே தெரியுமே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'காமிசேத்தா நேக்ரோ' என்று நானே அப்ரூவல் கொடுத்தேன். பேக்கிங் ஆரம்பித்த அன்று பையரிடமிருந்து ஒரு படம் வந்தது. கடைசி 'ஓ'வைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரு 'ஆ'.

காமிசேத்தா பெண்பால். அதனால் அதன் நிறமும் பெண்பாலாக வேண்டும்: காமிசேத்தா நேக்ரா. முன்பு சரியாக இருந்தது ஏனென்றால் கொலோர் என்ற சொல் ஆண்பால். நேக்ரோ அந்தச் சொல்லோடு சேர்ந்துகொண்டிருந்தது, டீ ஷர்ட்டோடு அல்ல.

விசயத்தைச் சொன்னதும் முதலாளி கேட்டார்: "ஏனம்மணி, பனியன்ல என்ன ஆம்பளை பொம்பளை? அதுவும் இது மென்ஸ் பீஸ்."

நியாயமான கேள்வி. ஆம்பளைகள் போடும் டீ ஷர்ட் பெண்பால். பொம்பளைகள் போடும் கவுன், வெஸ்தீதோ, ஆண்பால். என்னிடம் பதில் இல்லை. அந்த மாதமே ஆன்லைனில் ஒரு ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் வலென்சியாக்காரர். அவருக்கு மதியம், எனக்கு ராத்திரி எட்டு மணி.

முதல் ஒரு மாதம் முழுக்க இந்தப் பால் விவகாரம்தான். தொடங்குபவர்களுக்குச் சொல்லும் விதி எளிமையானது. 'ஓ'வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ஆண்பால் சொல்லுக்கு முன்னால் 'எல்' வரும், பெண்பாலுக்கு முன்னால் 'லா'. பன்மையானால் 'லோஸ்', 'லாஸ்'. இந்தப் 'பெரும்பாலும்' என்பதில்தான் வம்பு இருக்கிறது. கைக்கு மானோ என்று பெயர், 'ஓ'வில் முடிகிறது, ஆனால் பெண்பால். நாளுக்கு தீயா, 'ஆ'வில் முடிகிறது, ஆனால் ஆண்பால். கிரேக்கத்திலிருந்து வந்த ப்ரொப்லேமா, சிஸ்தேமா போன்றவையும் 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால். தண்ணீர் இருக்கிறதே, ஆகுவா, அது பெண்பால்தான். ஆனால் 'லா ஆகுவா' என்றால் இரண்டு 'ஆ' முட்டிக்கொள்வதால் 'எல்' போட்டுக்கொள்ளும். உடனே அடுத்த சொல்லில் உண்மை தெரிந்துவிடும்: 'எல் ஆகுவா ஃப்ரீயா', குளிர்ந்த தண்ணீர். முன்னால் வரும் 'எல்' ஏமாற்றலாம், பின்னால் வரும் பெயரடை ஏமாற்றாது. அதனால் புதுச் சொல் எதைப் படித்தாலும் அதை 'எல்', 'லா'வோடு மட்டும் எழுதாதே, கூட ஒரு நிறத்தையும் சேர்த்து எழுது என்றார் டீச்சர். எனக்கு அது வசதி. என் தொழிலே சட்டையும் நிறமும்தானே.

நிறங்களிலும் மூன்று சாதி. நேக்ரோ, ப்லான்கோ (வெள்ளை), ரோஹோ (சிவப்பு) போன்றவற்றுக்கு நாலு வடிவம்: நேக்ரோ, நேக்ரா, நேக்ரோஸ், நேக்ராஸ். வெர்தே (பச்சை), அசூல் (நீலம்) போன்றவை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை, ஒன்றா பலவா என்று மட்டும் பார்க்கும். ரோசாப்பூவின் பெயரை அப்படியே நிறத்துக்கு வைத்திருக்கும் 'ரோசா' போன்றவை பெரும்பாலும் பாலுக்கு அசைவதே இல்லை.

வகுப்பில் மற்றவர்கள் திணறியது ஒரே விசயத்தில். ஒரு தடவை பெண்பால் என்று சொல்லியாச்சு, பன்மை என்றும் சொல்லியாச்சு, அதையே ஏன் ஒவ்வொரு சொல்லிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்? 'லாஸ் காமிசேத்தாஸ் நேக்ராஸ் நுவேவாஸ்', புதிய கறுப்பு டீ ஷர்ட்டுகள். நாலு சொல், நாலிலும் 'ஆஸ்'. எனக்கு மட்டும் இது விசித்திரமாகப் படவில்லை. அன்னூர் பக்கத்துக் காட்டு வீட்டில் வளர்ந்தவள் நான். "ஏனுங்க, எப்பங்க வந்தீங்க, சாப்டாச்சுங்களா?" என்று கேட்கிறோமே. எதிரில் இருப்பவருக்கு மரியாதை என்று ஒரு 'ங்க'விலேயே தெரிந்துபோகும். ஆனாலும் வாக்கியம் முடியும்வரை ஒரு சொல்லையும் 'ங்க' இல்லாமல் விடமாட்டோம். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் காதில் குத்தும். ஸ்பானிஷ்காரர்களுக்கு 'காமிசேத்தா நேக்ரோ' அப்படித்தான் குத்தியிருக்க வேண்டும்.

இன்னொரு உதவியும் தமிழிலேயே இருந்தது. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடு. இங்கே 'நல்ல' அசையவில்லை. தமிழில் பெயரடைக்குப் பால் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதே சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைத்துப் பாருங்கள்: அவன் நல்லவன், அவள் நல்லவள், அது நல்லது, அவர்கள் நல்லவர்கள். அங்கே பால் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஸ்பானிஷில் முன்னும் பின்னும் எங்கே நின்றாலும் ஒட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேசைக்கு மேசா என்றார் டீச்சர் ஒருநாள், பெண்பால். அலமாரிக்கு அர்மாரியோ, ஆண்பால். எனக்குச் சிரிப்பு வந்தது. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துகீசியர்கள் வழியாக நம் வீட்டுக்குள் வந்த சொற்கள். போர்த்துகீசிய மொழியும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி. அங்கே மேசையும் ஜன்னலும் சாவியும் பெண்பால், அலமாரி ஆண்பால். கப்பலை விட்டு இறங்கும்போதே பாலைக் கழற்றிவைத்துவிட்டு வந்தன போல. நம்மிடம் எல்லாம் 'அது'.

பொருளுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பது ஸ்பானிஷுக்கு மட்டும் உள்ளதல்ல. சமஸ்கிருதத்தில் மனைவிக்கு மூன்று சொற்கள் உண்டு. பார்யா பெண்பால், தார ஆண்பால், ஜாதகத்தில் வரும் அந்தக் களத்திரம் நபும்சகம். மனைவி ஒருத்திதான். ஸ்பானிஷிலும் பெர்சோனா, அதாவது ஆள், எப்போதும் பெண்பால். முதலாளி நல்ல ஆள் என்று சொல்வதானால் அந்த 'நல்ல'வும் பெண்பாலில்தான் வரவேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை.

இதுவரைக்கும் எல்லாம் விளையாட்டாகத்தான் போனது. மூன்றாவது மாதம் ஒரு நாள் ஷிப்மெண்ட் முடித்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறாய் என்று டீச்சர் கேட்டார். புத்தகத்தில் படித்ததை அப்படியே சொன்னேன்: "எஸ்தோய் கன்சாதோ." சோர்வாக இருக்கிறேன். டீச்சர் புன்னகையோடு, "கன்சாதா" என்றார். புத்தகத்தில் அதைச் சொல்வது ஓர் ஆண். நான் பெண், என் சோர்வும் பெண்பாலில் வரவேண்டும்.

தமிழில் 'நான்' என்பதற்குப் பால் கிடையாது. சோர்ந்திருக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். நாற்பது வயசுவரை என் சோர்வைப் பற்றி நான் பேசிய ஒரு வாக்கியத்திலும் நான் பெண் என்பது தெரிந்ததில்லை. அது எனக்கு ஒரு சௌகரியமாகவே இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. டீச்சரிடம் பெருமையாகவே சொன்னேன்: எங்கள் மொழியில் மேசைக்கும் நாற்காலிக்கும் பால் கிடையாது. மனிதர்களுக்கு மட்டும்தான் ஆண், பெண். மற்றதெல்லாம் அஃறிணை. அர்த்தத்தை வைத்துத்தான் இலக்கணம்.

சொன்னது சரிதான். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரை எங்கள் பக்கத்து ஆள் என்று கொங்குநாட்டில் சொல்லிக்கொள்வோம், பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று. சுமார் 800 வருசத்துக்கு முந்தைய நூல். மக்கள், தேவர், நரகர் இந்த மூவரும் உயர்திணை, உயிருள்ளதும் இல்லாததுமான மற்றவை அஃறிணை என்று அது பிரிக்கிறது. நரகத்தில் கிடப்பவர்களுக்குக்கூட உயர்திணை கொடுத்திருக்கிறார் என்று டீச்சரிடம் விளக்கினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

வகுப்பு முடிந்து ஊரிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். அம்மா இருக்குதா என்று கேட்டேன். "அம்மா தோட்டத்துக்குப் போயிருக்குது, வந்துச்சுன்னா பேசச் சொல்றேன்" என்றான்.

வந்துச்சுன்னா. நானும் 'இருக்குதா' என்றுதான் கேட்டிருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நரகத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்ததை நாங்கள் எங்கள் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. அப்பா எப்போதும் வந்தாரு, போனாரு, சொன்னாரு. அம்மா வந்துச்சு, போச்சு, சொல்லுச்சு. அப்பாவும் அம்மாவைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது அப்படித்தான் சொல்வார்: "அது காட்டுல இருக்குதுங்க."

எங்கள் வீட்டில் லட்சுமி என்று ஒரு மாடு இருந்தது. காங்கேயம் மாடு. பொழுதோட மேய்ச்சலிலிருந்து இட்டேரி வழியாக அது வருவதைப் பார்த்ததும் அப்பா சொல்வார்: "லட்சுமி வந்துட்டா, தண்ணி காட்டு." கன்று போட்டபோது, "லட்சுமி கன்னு போட்டுட்டா!" அப்பாவின் வாயில் பெண்பால் முழுசாக வந்தது மாட்டுக்குத்தான். இதற்கும் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வழுவமைதி படித்திருப்பீர்கள். மகிழ்ச்சியினாலோ, உயர்வாக நினைப்பதாலோ, கோபத்தாலோ, இழிவாக நினைப்பதாலோ திணையும் பாலும் மாறி வந்தால் அதைத் தப்பென்று கொள்ளவேண்டாம் என்பது விதி. பசுவைப் பார்த்து என் அம்மை வந்தாள் என்று சொல்வதைத்தான் வகுப்பில் உதாரணமாகச் சொல்லித்தருவார்கள். மாட்டை உயர்த்தியதற்கு உவப்பு காரணம். அம்மாவை அஃறிணையில் வைத்ததற்கு அந்தப் பட்டியலில் எது காரணம்?

ரொம்ப நாள் இதே யோசனை. இழிவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியவில்லை. பேச்சைக் கவனித்துப் பார்த்தால், எங்கள் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல மூன்று படிகள் இருக்கின்றன. 'வந்தா' என்றால் உரிமை அல்லது அலட்சியம். 'வந்தாங்க' என்றால் மரியாதை, கூடவே கொஞ்சம் தூரம். அக்காவையும் அம்மாவையும் 'வந்தா' என்று சொல்ல நாக்கு கூசும். 'வந்தாங்க' என்றால் வேற்றாள் போல ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நெருக்கமும் குறையாமல், மட்டம் தட்டுவதுபோலவும் இல்லாமல் ஒரு இடம் வேண்டியிருந்தது. அங்கே 'வந்துச்சு' வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் அன்பு இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். அவிநாசியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் மொழியில் இது பேச்சுவழக்குகூட இல்லை, இலக்கணமே அப்படி. அம்மா வந்தாலும் ஒச்சிந்தி, மாடு வந்தாலும் ஒச்சிந்தி. ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுற்று. அந்த அம்மாவிடம் இதைக் கேட்டபோது, இதையெல்லாமா யோசிப்பாங்க என்று சிரித்தார்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அப்பாவுக்கும் நெருக்கம் உண்டு, அன்பு உண்டு. அவருக்கு ஏன் அந்த நடு இடம் தேவைப்படவே இல்லை? அன்பையும் மரியாதையையும் ஒன்றாகவே 'வந்தாரு'வில் அடக்க முடிந்ததே.

நான் ஸ்பானிஷ் சேர்வதற்கு முந்தின வருசம் அப்பா தவறினார். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். விடிகாலை உயிர் போயிற்று. வீட்டு வாசலில் சாமியானா போட்டு, ஒறம்பறையெல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று. பெரிய மாமா போனைக் காதில் வைத்தபடியே உள்ளே பார்த்துச் சொன்னார்: "பாடி கோயில்பாளையம் தாண்டிருச்சாம். இன்னும் அரை மணி நேரத்துல வந்துரும்."

யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எல்லாச் சாவு வீட்டிலும் பேசுகிற பேச்சுதான். அறுபத்தெட்டு வருசம் 'வந்தாரு'வாக இருந்த மனுசன் சத்தி ரோட்டில் சரவணம்பட்டிக்கும் கோயில்பாளையத்துக்கும் நடுவில் 'வந்துரும்' ஆகிவிட்டார்.

திண்ணையில் சுவரோடு சாய்ந்து கிடந்த அம்மா தலையைத் தூக்கியது. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அண்ணா, வந்துரும்னு சொல்லாதீங்க. வந்துருவாருன்னு சொல்லுங்க."

மாமா போனைக் கீழே இறக்கினார். வாசலில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு மாமா மெதுவாக, "கோயில்பாளையம் தாண்டிட்டாராம்மா. வந்துருவாரு" என்றார். அதற்கப்புறம் அன்று முழுக்க யாரும் வேறு மாதிரி சொல்லவில்லை. குளிப்பாட்டும்போதும், எடுக்கும்போதும், எடுத்த பிறகும் அவர் அவராகவே இருந்தார்.

அன்றைக்கு அதை ஒரு மனைவியின் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். டீச்சர் என் 'கன்சாதோ'வைத் திருத்தியதற்குப் பிறகுதான் வேறு மாதிரித் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க 'அது'வாக இருந்த ஒருத்தி, வினைமுற்றின் கடைசி எழுத்துக்கு என்ன கனம் என்று அத்தனை பேரிலும் அதிகமாகத் தெரிந்துவைத்திருந்தாள்.

போன மாதம் வகுப்பில் வீட்டுப்பாடம்: குடும்பத்தில் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம். பெயரடையெல்லாம் சரியாகச் சேர்ந்து வரவேண்டும். அம்மாவைப் பற்றி எழுதினேன். 'மி மாத்ரே எஸ் வியூதா.' என் அம்மா விதவை. 'எஸ் த்ரபஹதோரா.' உழைப்பாளி. 'எஸ்தா கன்சாதா.' சோர்ந்திருக்கிறாள். மாத்ரே என்ற சொல் 'ஏ'யில் முடிகிறது, பார்த்தால் எந்தப் பாலென்று தெரியாது. ஆனால் பின்னால் வருகிற ஒவ்வொரு சொல்லும் தன் கடைசி எழுத்தில் அவளைச் சுமந்துகொண்டு வருகிறது. டீச்சர் ஒரு இடத்திலும் சிவப்பு வட்டம் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். வியூதா என்றால் என்ன என்று கேட்டது. சொன்னேன்.

"அந்த ஊர்ல பொண்டாட்டி செத்துப்போன ஆம்பளைக்குப் பேரு இருக்குதா?"

"இருக்குதும்மா. வியூதோ."

தமிழில் தபுதாரன் என்று புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஊருக்குள் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ரெண்டுக்கும் ஒரெழுத்துதான் வித்தியாசமா?"

"ஒரெழுத்துதான்."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. "நம்மூர்ல பூவு, பொட்டு, சீலை, நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்கறதுன்னு எத்தனை வித்தியாசம்" என்றது. குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை, கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது.

மூன்றாவது வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது நான் தடுமாறினேன். அம்மா சோர்ந்திருக்குது, அம்மா சோர்ந்திருக்கா, அம்மா சோர்ந்திருக்காங்க. மூன்றையும் சொல்லிக்காட்டி, "உனக்கு எது வேணும்?" என்று கேட்டேன்.

"இதென்னடி கூத்து" என்று சிரித்தது. "'ங்க' போட்டா ஒறம்பறை வந்து ஊட்ல உக்காந்த மாதிரி இருக்குது. எப்பவும் சொல்றாப்பலயே சொல்லு, அதுல எனக்கொண்ணும் நொம்பலம் இல்ல."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போகப் போனது. வாசற்படியில் நின்று திரும்பியது.

"நாம்போன அன்னிக்கு மட்டும் வந்துருச்சுன்னு ஆரையும் சொல்ல உடாதே, அம்முணி."

"அப்ப என்னன்னு சொல்லோணும்?"

"உங்கப்பா லட்சுமிக்குச் சொல்லுவாருல்ல, வந்துட்டான்னு. அப்படிச் சொல்லச் சொல்லு, போதும்."